கவரைப்பேட்டை பாயிண்ட்டும் மூன்று சர்வர்களும்

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை நாள். இரவு எட்டரை மணி வாக்கில், மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ் பொன்னேரியைத் தாண்டி கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. அங்கே நிற்கிற வண்டி இல்லை அது. மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு எரிந்து கொண்டிருந்தது. ஆனால் ஸ்டேஷனுக்குள் வந்ததும் பலத்த குலுக்கல். மெயின் லைனில் நேராகப் போக வேண்டிய வண்டி சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்று கொண்டிருந்த சரக்கு ரயிலின் பின்னால் போய் மோதியது. பெட்டிகள் சரிந்தன, தீப்பிடித்தது, இருபது பேர் அளவில் காயம். உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர்களுக்கு கவரைப்பேட்டை நன்றாகத் தெரிந்த ஸ்டேஷன். அடுத்த சில நாட்கள் அந்த ரயில்களில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பச்சை விளக்கு எரிந்ததே, பிறகு எப்படி வண்டி வேறு லைனுக்குப் போனது?

நல்ல கேள்வி. ஏனென்றால் அப்படி நடக்கவே முடியாதபடி ஓர் ஏற்பாடு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கிறது. இன்டர்லாக்கிங் என்பார்கள். பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகருகிற பகுதி) சரியான பக்கம் திரும்பி, பூட்டப்பட்டு, "ஆமாம், பூட்டியாயிற்று" என்று தகவல் வந்தால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். பச்சை விழுந்த பிறகு பாயிண்ட்டை நகர்த்த முடியாது. இடையில் ஒரு ஒயர் அறுந்தால்? கரண்ட் போனால்? விளக்கு சிவப்பாகி விடும். சந்தேகம் வந்தால் நிறுத்து, அதுதான் விதி.

இதே விதியை கம்ப்யூட்டர் உலகம் கொஞ்சம் தாமதமாக, நிறைய அடிபட்டு கற்றுக்கொண்டது. பல சர்வர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது "இப்போது யார் லீடர், எந்த வேலை யாருடையது, எந்த செட்டிங் கடைசியானது" என்று அவற்றுக்குள் ஒரே பதிலைக் கொடுப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. ஒருங்கிணைப்பு சேவை என்று சொல்லலாம். ஜூகீப்பர், எட்சிடி, கான்சல் மூன்றும் பிரபலமானவை. வெளியே யாருக்கும் இவற்றின் பெயர் தெரியாது. நின்று போனால் மட்டும் ஊருக்கே தெரியும்.

சரி.. எதற்கு இப்படி ஒரு சமாச்சாரம்?

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் ரோலிங் மில் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அங்கே அதற்குப் பஞ்சமில்லை). கம்பி ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறுகிறது, எடை பதிவாகிறது, பில் அடிக்கிறது, ஈ-வே பில் எடுத்துக்கொண்டு லாரி எளாவூர் வழியாக ஆந்திராவுக்குப் போகிறது. பில் அடிக்கிற சர்வர் ஒன்றுதான். ஒரு நாள் அது படுத்துவிட்டது. லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கின்றன. முதலாளி கத்துகிறார். உடனே இரண்டாவதாக ஒரு சர்வர் வாங்கி ஸ்டாண்ட்பையாக வைக்கிறார்கள். முதல் சர்வர் இறந்தால் இரண்டாவது தானாகவே எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் சர்வர் இறந்தது இரண்டாவதுக்கு எப்படித் தெரியும்? பதில் வரவில்லை என்பதுதான் ஒரே அடையாளம். பதில் வராததற்கு சர்வர் செத்திருக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் இருக்கும் ஒயர் கழன்றிருக்கலாம், ஸ்விட்ச் தொங்கியிருக்கலாம். அப்போது இரண்டாவது எழுந்து "நான்தான் லீடர்" என்று ஆரம்பிக்கும். முதலாவது சாகவே இல்லை, அதுவும் பில் அடித்துக் கொண்டிருக்கிறது. 1047-ம் நம்பர் பில் இரண்டு லாரிகளுக்குப் போகும். ஜிஎஸ்டி விதி 46 என்ன சொல்கிறது? ஒரு நிதியாண்டுக்குள் இன்வாய்ஸ் நம்பர் தொடர்ச்சியாகவும், ஒன்று போல் இன்னொன்று இல்லாமலும் இருக்க வேண்டும். மாத முடிவில் கணக்குப் பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு சர்வர் செத்ததால் வந்த நஷ்டம் இரண்டு மணி நேரம். இரண்டு சர்வரும் உயிரோடு இருந்ததால் வரும் நஷ்டம் எத்தனை மாதம் ஓடும் என்று சொல்ல முடியாது.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் சபையில் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்ல ஆளில்லை. அதனால்தான் மூன்று. மூன்றில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் செல்லும். தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இங்கே உடனே கோரம் ஞாபகம் வரும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 174-ன்படி டைரக்டர்கள் கூட்டத்துக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது போதும். சர்வர்களுக்கு இந்தக் கோரம் ஆகவே ஆகாது. ஒன்பது டைரக்டர்களில் மூன்று பேர் சென்னையில் ஒரு ரூமில், வேறு மூன்று பேர் திருவள்ளூரில் ஒரு ரூமில், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கூடி நேர் எதிரான இரண்டு தீர்மானம் போட முடியும். மனிதர்களுக்கு நோட்டீஸ், மினிட்ஸ், கோர்ட் எல்லாம் இருக்கிறது, பிறகு தீர்த்துக்கொள்ளலாம். சர்வருக்கு கோர்ட் கிடையாது. அதனால் பாதிக்கு மேல் என்ற கணக்கு. ஒன்பதில் எந்த ஐந்து பேரை எடுத்தாலும், வேறு எந்த ஐந்து பேரை எடுத்தாலும், இரண்டு கூட்டத்திலும் குறைந்தது ஒருவர் பொதுவாக இருந்தே தீருவார். அந்த ஒருவர் முந்தைய தீர்மானத்தை ஞாபகம் வைத்திருப்பார். மொத்த விஷயமும் அந்த ஒருவரின் மேல்தான் நிற்கிறது!

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. மூன்று சர்வர் வைத்தால் ஒன்று சாகலாம். ஐந்து வைத்தால் இரண்டு சாகலாம். நான்கு வைத்தால்? பாதிக்கு மேல் என்றால் மூன்று வேண்டும், ஆக ஒன்றுதான் சாகலாம். மூன்று வைத்தாலும் அதேதான். நான்காவதுக்குக் கொடுத்த காசு தண்டம். அதனால்தான் எல்லா இடத்திலும் ஒற்றைப்படை எண்ணிக்கை.

இந்த யோசனைக்கு அப்பா லெஸ்லி லாம்போர்ட். பேக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவின் கற்பனை பார்லிமென்ட் கதையாக இதை எழுதி 1990-ல் ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார். கதை ரூபத்தில் இருந்ததால் சரியாக வரவேற்பில்லை, 1998-ல்தான் அச்சில் வந்தது. பிறகு கூகுள் தன் உபயோகத்துக்காக சப்பி என்று ஒன்றைக் கட்டி 2006-ல் அதைப் பற்றி கட்டுரை வெளியிட்டது. யாஹூ ஆட்கள் கட்டியது ஜூகீப்பர், எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். பெயர்க் காரணம் வேடிக்கையானது. அப்போது அங்கே பிராஜக்ட்டுகளுக்கு எல்லாம் மிருகப் பெயர்கள், பிக் என்று கூட ஒன்று இருந்தது. இனிமேலும் மிருகப் பெயர் வைத்தால் மிருகக்காட்சி சாலை மாதிரி ஆகிவிடும் என்று பேச்சு வர, அதையே பிடித்துக்கொண்டு மிருகக்காட்சி சாலைக் காவலர் என்று வைத்துவிட்டார்கள் :-) பேக்ஸோஸ் புரிவதற்குக் கஷ்டம் என்று ஆங்காரோ, ஆஸ்டர்ஹவுட் என்ற இருவர் ராஃப்ட் என்று எளிமையான முறை ஒன்றை 2014-ல் வெளியிட்டார்கள். எட்சிடி, கான்சல் இரண்டும் அந்த வழி.

இப்போது நம்ம ரோலிங் மில்லுக்கு ஜூகீப்பர் போடுவோம். மென்பொருளை இறக்கி ஓட வைப்பது கஷ்டமே இல்லை, ஒரு மதிய வேளை போதும். ஜாவா வேண்டும். மூன்று மெஷினிலும் ஒரே மாதிரி கான்ஃபிகரேஷன் பைல் ஒன்று. அதில் மூன்று சர்வர்களின் முகவரியும் இருக்கும். ஒவ்வொரு மெஷினிலும் மைஐடி என்று ஒரு குட்டி பைல், அதற்குள் 1, 2, 3 என்று அந்த மெஷினின் எண் மட்டும். 2181 என்ற போர்ட்டில் மற்ற புரோகிராம்கள் வந்து பேசும். 2888-ல் லீடரும் மற்றவர்களும் பேசிக்கொள்வார்கள், 3888-ல் தேர்தல் நடக்கும். டிக்டைம் என்பதை வழக்கமாக 2000 மில்லி செகண்ட் என்று வைப்பார்கள். அதுதான் நாடித் துடிப்பு. ஒரு புரோகிராமிடமிருந்து எவ்வளவு நேரம் சத்தம் வராவிட்டால் செத்ததாகக் கணக்கு என்பது இந்தத் துடிப்பில் குறைந்தது 2 மடங்கு, அதிகபட்சம் 20 மடங்கு, அதாவது 4 செகண்டிலிருந்து 40 செகண்ட் வரை. நான்கு வைத்தால் சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் லீடர் மாறிக்கொண்டே இருப்பார். நாற்பது வைத்தால் உண்மையிலேயே செத்தவருக்காக லாரிகள் நாற்பது செகண்ட் காத்திருக்கும். எடைமேடைக்கு நாற்பது செகண்ட் ஒன்றும் பெரிதில்லை. பங்குச் சந்தைக்கு ஆகாது.

கஷ்டமான கேள்வி, மூன்று மெஷினை எங்கே வைப்பது என்பது. மூன்றையும் மில்லுக்குள்ளேயே ஒரே அலமாரியில், ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால் அது மூன்று இல்லை, ஒன்றுதான். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கு திருவள்ளூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் எப்படிச் சாய்ந்தன என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். சரி, இரண்டு மில்லில், ஒன்று காக்களூர் ஆபீஸில் என்று வைத்தால்? காக்களூர் போனால் பரவாயில்லை. மில்லில் கரண்ட் போனால் பெரும்பான்மையே போயிற்று, காக்களூர் மெஷின் நல்ல உயிரோடு இருந்தும் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டே இடம் வைத்துக்கொண்டு எந்த இடம் போனாலும் தப்பிக்க வழியே கிடையாது, எத்தனை மெஷின் வாங்கினாலும். மூன்றாவது இடம் வேண்டும். அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் சின்னதாக ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்தால் போதும். பெரிய மெஷின் தேவையில்லை, ஓட்டுப் போடத் தெரிந்தால் சரி. இந்த ஒரு முடிவு மற்ற எல்லா செட்டிங்கையும் விட முக்கியமானது. ஆனால் இதற்குத்தான் பட்ஜெட்டில் காசு இருக்காது.

அடுத்தது டிஸ்க். ஜூகீப்பர் எந்த மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, அது டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்த பிறகுதான் "சரி" என்று சொல்லும். அவ்வப்போது மொத்த நிலவரத்தையும் ஒரு பிரதி எடுத்து வைக்கும். பிளஸ் ஒன்னில் படித்த குறிப்பேடு, இருப்பாய்வு போலவேதான். மெஷின் கீழே விழுந்து எழுந்தால் கடைசிப் பிரதியை எடுத்துக்கொண்டு அதற்குப் பிறகான குறிப்புகளை வரிசையாகப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். இதனால் குறிப்பேடு எழுதுகிற டிஸ்க் வேகமாக, வேறு யாரும் தொந்தரவு செய்யாததாக இருக்க வேண்டும். அதே டிஸ்க்கில் சிசிடிவி கேமரா பதிவையும் போட்டு வைத்தால், எழுதுவதற்கு நேரமாகி, துடிப்பு தவறி, ஆரோக்கியமான லீடரை செத்தவர் என்று அறிவித்து விடுவார்கள்.

அந்தப் பிரதிகளையும் குறிப்பேடுகளையும் ஜூகீப்பர் தானாக அழிக்காது. அழிக்கச் சொல்லி ஒரு செட்டிங் இருக்கிறது, ஆட்டோபர்ஜ், அது ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். யாரும் கவனிக்காவிட்டால் மாதக்கணக்கில் சேர்ந்து டிஸ்க் நிரம்பி சர்வர் நிற்கும். ஒன்று நின்றால் என்ன, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைக்கலாம். மூன்றிலும் ஒரே அளவு டிஸ்க், ஒரே செட்டிங், ஒரே நாளில் ஆரம்பித்தவை. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் நிரம்பும்! பெரும்பான்மை என்பது தனித்தனியாக வரும் சாவுக்கு மருந்து. எல்லோரும் ஒரே தப்பைச் செய்தால் அதற்கு மருந்தே கிடையாது. எட்சிடி இதை வேறு மாதிரி கையாளுகிறது. வழக்கமான உச்சவரம்பு 2 ஜிபி. அதைத் தாண்டினால் அலாரம் வைத்துக்கொண்டு புதிதாக எதையும் எழுத விடாது. படிக்கலாம், அழிக்கலாம், அவ்வளவுதான். பழையதைச் சுருக்கி, இடத்தை விடுவித்து, அலாரத்தை கையால் அணைக்க வேண்டும்.

அப்புறம் இது குடோன் இல்லை. ஜூகீப்பரில் ஒரு பதிவின் அளவு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும், நல்ல உபயோகத்தில் சில நூறு எழுத்துகளே இருக்கும். யார் லீடர், எந்த சர்வர் எந்த முகவரியில் இருக்கிறது, இவ்வளவுதான். வாங்கின புதிதில் ஆர்வக்கோளாறில் பில்லையே இதற்குள் போட்டு வைப்பார்கள். வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. போட்ட உடனே இருக்கிற நிலையில் ஜூகீப்பர் யார் வந்து கேட்டாலும் படிக்கக் கொடுக்கும், எழுதவும் விடும். 2181-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைப்பது மில் கேட்டின் சாவியை டீக்கடையில் கொடுத்து வைப்பது போலத்தான். ஆனாலும் செய்கிறார்கள்.

தினமும் இதைப் பார்த்துக்கொள்வது அலுப்பான வேலை. நான்கு எழுத்து வார்த்தை ஒன்றை அனுப்பிக் கேட்டால் சர்வர் "நலமாக இருக்கிறேன்" என்று நான்கு எழுத்தில் பதில் சொல்லும். நலம் என்றால் புராசஸ் ஓடுகிறது என்பது மட்டும்தான். பெரும்பான்மையில் சேர்ந்திருக்கிறதா என்று வேறு வார்த்தை போட்டுக் கேட்க வேண்டும். விசாரிக்கப் போகும்போது "நல்லா இருக்கேன்" என்று சொல்லும் தாத்தா மாதிரி.

இவ்வளவும் சரியாக வைத்திருந்த பெரிய கம்பெனிகளே மாட்டிக்கொண்ட கதைகள் இருக்கின்றன. 2018 அக்டோபர் 21, கிட்ஹப். பழுதான ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றும் வேலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த முக்கிய டேட்டா சென்டருக்கு 43 செகண்ட் தொடர்பு போனது. நாற்பத்து மூன்று செகண்டுதான். அதற்குள் வெளியே மீதமிருந்த காவலர்கள் பெரும்பான்மை சேர்ந்து, மேற்குக் கரையில் இருந்த டேட்டாபேஸ்களை லீடர் ஆக்கிவிட்டார்கள். விதிப்படி சரிதான். ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதிய சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. இரண்டு பேரேடு, இரண்டிலும் மற்றதில் இல்லாத வரிகள். அதைச் சரிக்கட்டி முழுசாக நிமிர 24 மணி 11 நிமிடம் ஆனது.

2021 அக்டோபர் 28-ல் ரோப்ளாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் நின்றது. எழ 73 மணி நேரம். அங்கே கோளாறே ஒருங்கிணைப்பு சேவையில்தான், கான்சலில். புதிதாக இயக்கி விட்ட ஒரு வசதி அதிக சுமையில் திணறியது, உள்ளே இருந்த சேமிப்புப் பகுதியிலும் ஒரு பழைய சிக்கல். பெரிய மெஷின் போட்டுப் பார்த்தார்கள், இன்னும் மோசமானது. இதில் கவனிக்க வேண்டியது, என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டிய கண்காணிப்பு மென்பொருள்களும் அதே கான்சலை நம்பித்தான் ஓடின. தீயணைப்பு நிலையத்தின் போனும் எரிகிற வீட்டுக்குள் இருந்தது போல.

இனி ரயிலுக்குத் திரும்பலாம், ஏனென்றால் இதில் மிகச் சிக்கலான சமாச்சாரம் பூட்டு.

ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு ரயில் வராமல் இருக்க ஒரு காலத்தில் பால் டோக்கன் என்று ஓர் இரும்பு உருண்டை கொடுப்பார்கள். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு மெஷின், மின்சாரத்தால் இணைந்தவை. இரண்டும் சேர்ந்து ஒரு சமயத்தில் ஒரே ஒரு உருண்டையைத்தான் வெளியே விடும். அது கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். வண்டி நடுக்காட்டில் நின்று போனால்? உருண்டை டிரைவரிடமே இருக்கும், அடுத்த வண்டிக்கு வழி கிடையாது, ஆள் போய்ப் பார்த்துச் சரி செய்யும் வரை. பாதுகாப்பு முழுசு, ஆனால் எல்லாம் நிற்கும்.

ஜூகீப்பரின் பூட்டு அப்படி இல்லை. பூட்டை வைத்திருக்கும் புரோகிராமிடமிருந்து குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் பூட்டு தானாக மறைந்து அடுத்தவருக்குப் போகும். வேலை நிற்காது. ஆனால் முதல் ஆள் சாகாமல் தூங்கிக் கொண்டிருந்தால்? ஜாவா புரோகிராம்கள் குப்பை பெருக்குவதற்காக சில சமயம் பல செகண்ட் அப்படியே உறைந்து நிற்கும். தூங்கி எழுந்ததும் அதற்கு நேரம் போனதே தெரியாது. பூட்டு இன்னும் தன்னிடம் இருப்பதாக நினைத்து விட்ட இடத்திலிருந்து எழுதும். ஹெச்பேஸ் என்ற டேட்டாபேஸ்காரர்கள் இதற்கு ஜூலியட் உறக்கம் என்ற அர்த்தத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜூலியட் செத்ததாக நினைத்து ரோமியோ விபரீத முடிவெடுக்கிறான், அவள் எழுந்து பார்த்து தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். அங்கேயும் எழுந்த சர்வர் நிலைமை புரிந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், புரிவதற்கு முன் எதையும் எழுதாமல் இருந்தால் நல்லது.

இதற்கு மருந்து பூட்டுக்கு ஒரு எண் போடுவது. ஒவ்வொரு முறை பூட்டு கை மாறும்போதும் எண் கூடும். முதல் சர்வரிடம் 33, இரண்டாவதிடம் 34. பில்லைப் பதிகிற டேட்டாபேஸ் 34-ஐப் பார்த்த பிறகு 33 என்று வருகிறவரை "போய்யா" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஜூகீப்பர் எண்ணைக் கொடுக்கும். ஆனால் சரிபார்க்கிற வேலை டேட்டாபேஸுடையது, அதாவது அந்த புரோகிராமை எழுதியவருடையது. இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஜூகீப்பர் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முழுப் பிழையும் இங்கேதான் இருக்கிறது.

மூன்று சர்வர்கள் ஒத்துக்கொண்டது என்றால் மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பதில் வெளியே நிஜத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்பது வேறு விஷயம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் 40 டன் கம்பி என்று இருக்கும், மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், யார்டில் போய் எண்ணினால் 37 இருக்கும். கவரைப்பேட்டையில் ஸ்டேஷனில் இருந்த அமைப்பு மெயின் லைன் என்றது. தரையில் இருந்த தண்டவாளம் லூப் லைன் என்றது. பாயிண்ட்டின் பாகங்களை யாரோ கழற்றியிருந்தார்கள், நாசவேலை என்பதே ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வந்த முடிவு.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோர் பக்கத்தில் பஹனாகா பஜார். அங்கேயும் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை, பாயிண்ட் லூப் லைனுக்கு, அங்கே சரக்கு ரயில். இறந்தவர்கள் 290-க்கும் மேல். அங்கே யாரும் நட்டைக் கழற்றவில்லை. லெவல் கிராசிங் பக்கத்தில் இருந்த சிக்னல் ஒயரிங்கில் மாற்றம் செய்தபோது நேர்ந்த தவறு என்று விசாரணை சொன்னது. ஒன்று வெளி ஆளின் கை, மற்றொன்று பராமரிக்கிறவர்களின் கை. இரண்டிலும் தகவல் சொல்லும் இடத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த கண்ணி அறுந்தது.

சர்வர் நிர்வாகியின் வேலையில் முக்கால்வாசி இந்தக் கண்ணியைப் பார்த்துக்கொள்வதுதான். லீடர் என்று பதிவாகியிருக்கும் சர்வர் உண்மையில் பில் அடிக்கிறதா? லீடர் இல்லை என்று பதிவானது உண்மையில் நிறுத்தியதா? ஒரு சர்வரின் முகவரியை மாற்றும்போது மற்ற இரண்டின் பைலிலும் மாறியதா? மெஷினை மாற்றுவதானால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒன்று வந்து சேர்ந்து, குறிப்பேட்டைப் பிடித்து, பெரும்பான்மையில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். லீடராக இருப்பதை கடைசியில். அவசரப்பட்டு இரண்டை ஒரே சமயத்தில் இறக்கினால் மூன்றாவது நின்றுவிடும். இதற்கு வெள்ளிக்கிழமை சாயந்திரத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது உத்தமம்.

நம்ம மில்லுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், நேர்மையான பதில்: பல இடங்களுக்குத் தேவையில்லை. ஒரே சர்வர், நல்ல பேக்கப், படுத்தால் எழுப்பத் தெரிந்த ஒரு ஆள், கையால் எழுத ஒரு பில் புக், இதுவே பாதி சிப்காட்டுக்குப் போதும். காஃப்கா கூட ஜூகீப்பரைப் பல வருடம் கூடவே வைத்திருந்துவிட்டு, 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் முழுசாகக் கழற்றிவிட்டது. இதே வேலையைத் தனக்குள்ளேயே செய்து கொள்கிறது. இன்னொரு பக்கம், குபெர்னெட்டிஸ் போடுகிறவர்கள் பெரும்பாலோர் தெரிந்தோ தெரியாமலோ எட்சிடி வைத்திருக்கிறார்கள். அதன் பிரதியை வேறு இடத்தில் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

கூகுள் ஒரு விசித்திரமான பழக்கம் வைத்திருந்ததாக அவர்களே 2016-ல் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். சப்பி அநேகமாக நிற்பதே இல்லை. அதனால் மற்ற குழுக்கள் அது நிற்கவே நிற்காது என்று நம்பி புரோகிராம் எழுத ஆரம்பித்தார்கள். எப்போதாவது நின்றால் எல்லாம் சேர்ந்து விழுந்தது. ஆகவே ஒரு காலாண்டில் அது தானாக நிற்காவிட்டால், இவர்களே வேண்டுமென்று கொஞ்ச நேரம் நிறுத்தி விடுவார்களாம். யார் யார் கத்துகிறார்கள் என்று பார்த்து அவர்களைச் சரி செய்யச் சொல்வது.

மில்லில் இதைச் செய்ய லாரி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் ஒரு மெஷினின் ஒயரைப் பிடுங்க வேண்டும், பில் தொடர்ந்து வர வேண்டும். அது திரும்பி வந்து சேர்ந்த பிறகு லீடரின் ஒயரைப் பிடுங்க வேண்டும், சில செகண்ட் நின்று மறுபடி வர வேண்டும். பிறகு இன்னொன்றையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். இப்போது பில் நின்றாக வேண்டும். நிற்காமல் எடைமேடை பிரிண்டர் அடுத்த பில்லையும் அடித்துக் கொடுத்தால், அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு கான்ஃபிகரேஷன் பைலைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்.